குடியும் மனநோயும் சேர்ந்து வந்தால்: பாகாயமா, அடுக்கம்பாறையா, மறுவாழ்வு மையமா?

"என் தம்பி தினமும் குடிக்கிறான். குடிக்காத அன்று தூங்குவதில்லை, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்கிறான். மறுவாழ்வு மையத்தில் கேட்டால் முதலில் மனநல டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறார்கள். மனநல டாக்டரோ குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார். நாங்கள் எங்கேதான் போவது?"

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, கணியம்பாடி என்று வேலூரைச் சுற்றியுள்ள இந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வீட்டில் தம்பி, இன்னொரு வீட்டில் கணவர். ஒருவருக்குக் காதில் குரல், இன்னொருவருக்கு எதிலும் பிடிப்பில்லாத சோர்வு. இரண்டு வாசலுக்கும் நடுவில் குடும்பம் அலைவது மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "குடி முதலில், மனசு அப்புறம்" என்று வரிசை வைத்துச் செய்கிற சிகிச்சைதான் இந்தக் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. பயத்தை அடக்கக் குடிப்பவருக்குப் பயத்துக்கு மருந்து கொடுக்காமல் குடியை மட்டும் நிறுத்தினால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? மனநோய்க்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் குடியைக் கண்டுகொள்ளாவிட்டால் அந்த மாத்திரை எப்படி வேலை செய்யும்? முதல் நாளிலிருந்தே இரண்டையும் ஒரே டாக்டர், ஒரே ஃபைலில் பார்க்கிற இடம்தான் சரியான இடம். கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் முதலில் இதை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த அவமானமும் இல்லை. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் குடிப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிக்கு மேல்.

## எதை வைத்து முடிவு செய்வது

இரண்டுக்கும் மருந்து எழுதுவது யார்? எந்த இடமானாலும் முதலில் இதைக் கேளுங்கள். "அவருக்குக் குரலும் கேட்கிறது, தினமும் குடிக்கவும் செய்கிறார். இரண்டுக்கும் யார் பொறுப்பு?" ஒரே டாக்டரையோ ஒரே யூனிட்டையோ காட்டினால் நல்லது. "அதற்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார்" என்றால், எந்தக் கிழமை வருவார், கடைசியாக எப்போது வந்தார் என்று கேளுங்கள்.

முதல் நாலு நாள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நான்காம் நாளில் ஆளே குழம்பிப்போய், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், செத்துப்போனவரோடு பேசுவார். இந்தக் குழப்ப நிலை உயிரையே எடுக்கக்கூடியது. காலையில் டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாமல் குடிக்க முடிகிறது, கட்டிங் போட்ட பிறகுதான் கை நிற்கிறது என்றால், அவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாதவர்.

இதில் இன்னொன்றும் உண்டு. சோர்ந்து கிடக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கலாம். அதை ஊசியாகக் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "பாட்டிலுக்கு முன்னாடி பி1 ஊசி போடுங்க டாக்டர், இவர் தினமும் குடிக்கிறவர்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கூட இருக்க ஆள். பெட் கிடைப்பதைவிட, கூட இருக்க ஆள் கிடைப்பது கஷ்டம். தோல் ஃபேக்டரிக்கோ பீடி சுற்றவோ போகிறவர் இரண்டு வாரம் உடன் தங்கினால் அந்தக் கூலி போய்விடும். ஆஸ்பத்திரி பில்லில் இது வராது.

வெளியே வந்த பிறகு. உள்ளே இருக்கும் நாட்களைவிட அடுத்த ஒரு வருடம்தான் முக்கியம். மாதாமாதம் போய்வர முடிகிற தூரமா என்று பாருங்கள்.

சட்டம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, குடி மற்றும் போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயாகவே கணக்கில் எடுக்கிறது. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இப்படிப்பட்டவர்களை உள்ளே வைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டக் கூடாது.

## கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை

எங்கே போனாலும் டாக்டர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: மனக் கோளாறு குடியால் வந்ததா, தனியாகவே இருக்கிறதா? குடியால் வந்த சோர்வு, பெரும்பாலும் குடியை விட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானாகவே குறையும். தனியாக இருக்கிற நோய் அப்படிக் குறையாது. இரத்தப் பரிசோதனை இதைச் சொல்லாது. வீட்டில் இருப்பவர்களின் ஞாபகம் சொல்லும்.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டாரா? ஆடியில் காப்புக் கட்டினாரா? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தில் ரம்ஜான் மாதம் முழுக்கக் குடியைத் தொடாதவர்களும் உண்டு. அந்த நாட்களில் அவர் எப்படி இருந்தார் என்று யோசியுங்கள். தூங்கினாரா, சாப்பிட்டாரா, அப்போதும் குரல் கேட்டதா, சந்தேகம் இருந்ததா? "மாலை போட்டிருந்த 48 நாளில் மூன்றாவது வாரத்திலிருந்து பழைய ஆளாக இருந்தார்" என்பது ஒரு பதில். "விரதம் முழுக்க இருந்தார், ஆனால் அப்போதும் ராத்திரி எழுந்து கதவுக்குப் பின்னால் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்" என்பது முற்றிலும் வேறு பதில். டாக்டர் எழுதும் மருந்தே இதை வைத்து மாறலாம்.

ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குடி எந்த வயதில் தொடங்கியது, மனக் கோளாறு எப்போது முதலில் தெரிந்தது, குடிக்காமல் இருந்த நாட்கள் எவை, வலிப்பு வந்ததுண்டா, ரத்தசொந்தத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா. இரண்டு பக்கம் போதும். மஞ்சப்பையில் பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் போட்டு எடுத்துப் போங்கள், காலி அட்டை உட்பட.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கை. கடுமையாகக் குடித்தவர் மாலை போட்ட அன்றே மொத்தமாக நிறுத்தும்போது முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வருவதுண்டு. வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. அந்த உறுதி பலரைக் காப்பாற்றியிருக்கிறது. மாலைக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தோடு நிறுத்திவிட்டு, அப்புறம் மாலை போடட்டும்.

## 1. பாகாயம், சிஎம்சி மனநல மையம்

சிஎம்சி என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு. 1957இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே இதன் முறை. தனியாக விட்டுவிட்டு வர முடியாது. இரண்டு நோயையும் ஒரே மனநல யூனிட் பார்க்கிறது. ஈரல், கணையம் கெட்டிருந்தால் காட்ட சிஎம்சியின் பெரிய ஆஸ்பத்திரி இதே ஊரில் இருக்கிறது. குடும்பம் கூடவே இருப்பதால், எந்த மருந்து எதற்கு, திரும்பக் குடித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் வீட்டாருக்கும் புரிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போன பிறகு இது பெரிய பலம்.

மறைந்த செலவு முழுக்க முழுக்க உடன் இருப்பவரின் நாட்கள்தான். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மனைவியே போய்த் தங்குவது நடக்காத காரியம். மாமா, சித்தப்பா என்று இரண்டு மூன்று பேர் முறை போட்டுக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே பேசுங்கள். உள்ளே சேர்க்க உடனே இடம் கிடைக்காமலும் போகலாம். கட்டணம் அரசு ஆஸ்பத்திரிபோல் இலவசம் இல்லை. வசதி இல்லாதவர்கள் சலுகை பற்றிச் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே வாய்விட்டுக் கேளுங்கள். கடைசி நாளில் பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்பது தாமதம்.

குரல் கேட்பது, சந்தேகம், பேச்சும் செலவும் தலைகால் தெரியாமல் எகிறுவது, பலமுறை சிகிச்சை எடுத்தும் திரும்பியது. இப்படிச் சிக்கலான நோய் என்றால், கூட இருக்க ஆளும் இருந்தால், என் முதல் தேர்வு இதுதான்.

## 2. அடுக்கம்பாறை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை

திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. 2005இல் தொடங்கிய கல்லூரி. மனநலப் பிரிவு, பொது மருத்துவம், அவசரப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில். நள்ளிரவில் வலிப்பு வந்தாலோ, விஷம் குடித்துவிட்டாலோ யோசிக்காமல் 108ஐக் கூப்பிட்டுப் போக வேண்டிய இடம் இப்படிப்பட்டதுதான். மருந்தும் பெட்டும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மனநல டாக்டர் வருவதால், பிறகு ஊர்ப் பக்கத்திலேயே மாத்திரை வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை 2025இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. பக்கத்தில் எது இருக்கிறது என்று ஓபியில் விசாரியுங்கள்.

குறை எது என்றால் நேரமும் தொடர்ச்சியும். ஓபி வரிசையில் ஒரு நாள் போய்விடும். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் இருக்கலாம். உங்கள் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். மேலே சொன்ன இரண்டு பக்க நோட்டு இங்கேதான் தங்கம். ஒரு மாத்திரை ஸ்டாக் இல்லை என்றால் "அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடாமல் வெளியிலாவது வாங்கிவிடுங்கள். மனநோய் மாத்திரையில் விழும் இடைவெளி திரும்பக் குடிக்கும் பாதையைத் திறந்துவிடும்.

கையில் காசு இல்லை, ஆள் மோசமாக இருக்கிறார் என்றால் இதில் இரண்டாம் யோசனையே வேண்டாம்.

## 3. தனியார் மறுவாழ்வு மையம்

குடும்பங்கள் அதிகம் ஓடுவது இங்கேதான். காரணம் எனக்குப் புரிகிறது. அடியும் வசவும் வாங்கி, தூக்கமில்லாமல் கிடக்கும் வீட்டுக்கு, "மூணு மாசம் நாங்க பாத்துக்கறோம்" என்ற ஒரு வார்த்தை பெரிய மூச்சு. கூட யாரும் தங்க வேண்டாம், வேலைக்குப் போகலாம். நல்ல மையங்களில் ஆலோசகர்கள் அக்கறையோடு நடத்துகிறார்கள், குடியை விட்டவர்களே முன்னால் நின்று வழி காட்டுகிறார்கள்.

ஆனால் மனநோயும் சேர்ந்திருப்பவருக்கு இந்த வழியில்தான் ஆபத்து அதிகம். மனநல டாக்டர் தினமும் இல்லாத மையத்தில் முதல் நாலு நாளை யார் பார்ப்பது? எதிலும் கலந்துகொள்ளாமல் சுருண்டு படுப்பவரைச் சோம்பேறி என்றும், குரலுக்குப் பதில் பேசுபவரை நடிக்கிறான் என்றும் நினைத்து அடிக்கும் இடங்கள் உண்டு. மறுவாழ்வு மையத்தில் அடிபட்டு இறந்த செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்ததை நம் தலைமுறை மறக்கக் கூடாது.

ராத்திரியில் வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிப் போகிறோம் என்று சொல்லும் மையத்தை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். விருப்பமில்லாதவரைச் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர், விண்ணப்பிக்க வேண்டும். மனநல, மருத்துவத் துறையினர் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அப்போதும் முதல் கட்டமாக 30 நாள் வரைதான்.

சேர்க்கும் முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், மனநல டாக்டர் வரும் நாட்கள், இரவில் நர்ஸ் இருக்கிறாரா, ஏற்கெனவே சாப்பிடும் மனநோய் மாத்திரையைத் தொடர்வார்களா, வாரத்துக்கு ஒரு முறையாவது அவரோடு தனியாகப் பேச விடுவார்களா. படுக்கும் அறையையும் கழிப்பறையையும் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். பணத்தில் அட்வான்ஸ் திரும்ப வருமா, மாத்திரை, லேப் செலவு தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். குடிக்கும் பெண்களுக்கு இந்த வழி பெரும்பாலும் கிடையாது. அநேக மையங்கள் ஆண்களுக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் நோயை நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, வீட்டுக்கு உடனே திரும்பினால் பழைய சகவாசம் இழுத்துவிடும் என்ற நிலையில் இருப்பவருக்கு, பதிவு பெற்ற நல்ல மையம் பயன்படும். முதல் படியாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

## 4. சென்னை

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய பழைய நிறுவனம். போதை சிகிச்சையும் மனநோய்ச் சிகிச்சையும் அங்கேயே உண்டு. இந்திரா நகரில் உள்ள டிடிகே மருத்துவமனை, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்குப் பெயர் பெற்றது. குடி முதன்மையாகவும் சோர்வும் பதற்றமும் துணையாகவும் இருப்பவருக்கு டிடிகே, குரலும் சந்தேகமும் முன்னால் நிற்பவருக்குக் கீழ்ப்பாக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஊர்க்காரர்கள் கண்ணில் படக் கூடாது என்று சென்னையைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது நியாயமான காரணம்தான். ஆனால் காட்பாடியிலிருந்து ரயில் ஏறி மாதாமாதம் போய்வருவது மூன்றாவது மாதத்தில் நின்றுபோகும். அங்கே சேர்ந்தால், டிஸ்சார்ஜ் ஆகும்போதே வேலூரில் தொடர்ந்து பார்க்கப்போகும் டாக்டரை முடிவு செய்து, சம்மரியைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

## 5. வீட்டிலிருந்தே ஓபி சிகிச்சை, கூடவே ஏஏ கூட்டம்

காலையில் நடுக்கம் இல்லை, வலிப்பு வந்ததில்லை, தற்கொலை எண்ணம் இல்லை, மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் பொறுப்பான ஆள் வீட்டில் உண்டு. இந்த நான்கும் சரியாக இருந்தால் அட்மிஷன் இல்லாமலே சிகிச்சை நடக்கும், வேலையும் போகாது.

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாகக் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இயக்கம், 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, பெயர் கேட்பதில்லை. சில கூட்டங்களில் "மாத்திரையும் ஒரு போதைதான், விட்டுவிடு" என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த இயக்கத்தின் சொந்த நிலைப்பாடு.

## ஒரே பார்வையில்

| வழி | இரண்டும் ஒரே கையிலா | முதல் நாலு நாள் | கூட ஆள் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பாகாயம் | ஆம் | பாதுகாப்பு | கட்டாயம் | உடன் இருப்பவரின் கூலி, காத்திருப்பு |
| அடுக்கம்பாறை | ஆம், டாக்டர் மாறலாம் | பாதுகாப்பு | தேவை | ஓபி நாட்கள், ஸ்டாக் இல்லாத மருந்து |
| மறுவாழ்வு மையம் | பெரும்பாலும் இல்லை | கேட்டுத் தெரிய வேண்டும் | வேண்டாம் | தனி மருந்துச் செலவு, அட்வான்ஸ், தவறான இடமென்றால் உயிர் |
| சென்னை | ஆம் | பாதுகாப்பு | இடத்தைப் பொறுத்து | பயணம், விட்டுப்போகும் தொடர்ச்சி |
| வீடு + ஓபி + ஏஏ | டாக்டரைப் பொறுத்து | லேசான குடிக்கு மட்டும் | வீட்டில் ஒருவர் | காவல் காக்கும் ஆளின் களைப்பு |

## சாம்பாரில் கலக்கும் மருந்து

பஸ் ஸ்டாண்டு சுவரிலும் ஆட்டோ முதுகிலும் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பொடியை யாருக்கும் கொடுக்காதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். ஈரல் கெட்டவருக்கு ஆகாது. குரல் கேட்பது, சந்தேகம் போன்ற கோளாறு உள்ளவருக்கு அதை இன்னும் கிளப்பிவிடக்கூடும். அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் எழுதினால் மட்டுமே அது மருந்து.

மனநிலை தலைகீழாக ஏறி இறங்குவதற்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் குடித்து வாந்தி எடுத்து உடம்பு வறண்டால் லித்தியம் ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். தூக்க மாத்திரையோடு குடி சேர்ந்தால் மூச்சு அடங்கும். ஒரே டாக்டர் இரண்டையும் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

## இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பி இறங்கும் முன்

மனநோயை உடல்நோய்க்குச் சமமாக இன்சூரன்சில் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் மது, போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சையை விலக்கிவைக்கும் ஷரத்து பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பவரின் கிளெய்ம் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். சேரும் முன்பே பாலிசியைப் படித்து, இன்சூரன்ஸ் டெஸ்க்கில் எழுத்தில் பதில் வாங்குங்கள். சம்மரியில் குடியைப் பற்றி எழுத வேண்டாம் என்று டாக்டரைக் கெஞ்சாதீர்கள். அடுத்த முறை நள்ளிரவில் பார்க்கப்போகும் டாக்டருக்கு அந்த ஒரு வரிதான் துணை.

## அவர் வரவே மாட்டேன் என்றால்

குடும்பம் மட்டும் முதலில் போகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. மனைவியோ அம்மாவோ தனியாகப் போய் டாக்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ நிலைமையைச் சொல்லி, எப்படிப் பேசி அழைத்து வருவது என்று கேட்கலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போதைக்கென்று தேசிய உதவி எண் 14446, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104.

அழைப்பதற்குச் சரியான நேரம் காலை. போதை தெளிந்து, நடுக்கம் பெரிதாகும் முன்பு. குடியைப் பற்றித் தொடங்காமல் "உனக்குத் தூக்கமே வர்றதில்ல, அதுக்கு டாக்டரப் பாக்கலாம்" என்றால் பலர் கிளம்பிவிடுகிறார்கள். தூக்கத்துக்காகப் போனாலும் ஒன்றுதான், வாசல் திறந்தாயிற்று.

சாக வேண்டும் என்று பேசினாலோ, ஏற்கெனவே ஒருமுறை முயன்றிருந்தாலோ காத்திருக்காதீர்கள். பூச்சி மருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அன்றே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். தனியாக விடாதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய், "குடியும் இருக்கிறது, மனநோயும் இருக்கிறது, செத்துப்போகிறேன் என்கிறார்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.